மறு: ஆமைக் காயத்துக்கு ‘டாபிகல்’: பூச்சா, பற்றா, புறமருந்தா?

அன்பின் குழுவினர்க்கு வணக்கம்.

கடலூர், புதுச்சேரிக் கரைகளில் ஆமை முட்டை சேகரிக்கும் தன்னார்வலர்களுக்கான கையேட்டுக்காக ‘டாபிகல் ட்ரீட்மென்ட்’, அதாவது மருந்தை உள்ளுக்குக் கொடுக்காமல் காயத்தின் மேலேயே இடும் சிகிச்சை, என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். மேற்பூச்சு, வெளிப்பூச்சு, தோல்வழி மருத்துவம், பரப்பு சிகிச்சை என்று வரிசையாக வந்து குவிந்துவிட்டன. மகிழ்ச்சி. ‘பரப்பு சிகிச்சை’யை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம், நில அளவையர் ஞாபகம்தான் வருகிறது. ‘தோல்வழி’யும் சரிப்படாது. மருந்து தோல் வழியாக உள்ளே போவது வேறு சங்கதி, இங்கே காயத்தின் மேலேயே நின்று வேலை செய்ய வேண்டும்.

> மேற்பூச்சு போதுமே. மருந்துக் கடையில் கேட்டால் எல்லாருக்கும் புரியும். (வில்லியனூர் நண்பர்)

புரியும் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் பூசுவதோடு வேலையை முடித்துவிடுகிறது. ஆமைக்குச் செய்வதில் பூசுவது ஒரு பகுதிதான். நீர்த்த போவிடோன் அயோடினால் கழுவுவார்கள்; சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, அதுதான் தீக்காயத்துக்குப் போடும் அந்த வெள்ளைக் களிம்பு, தடவுவார்கள்; பள்ளமான காயத்தில் மருத்துவத் தேனை நிரப்பி மேலே கட்டுப் போடுவார்கள்; மருந்தில் தோய்த்த துணியைத் திணிப்பார்கள்; நீர் புகாத படலம் ஒட்டுவார்கள். இவை அத்தனையும் ‘டாபிகல்’. கழுவுவதையும் திணிப்பதையும் பூச்சு என்று எப்படிச் சொல்வது?

இதற்குச் சித்த மருத்துவத்தில் கதவு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. அகமருந்து 32, புறமருந்து 32 என்று பிரித்திருக்கிறார்கள். புறமருந்துப் பட்டியலில் பூச்சு ஒரு வகை மட்டுமே. கூடவே கட்டு, பற்று, ஒற்றடம், களிம்பு, சீலை, நீர், வர்த்தி, பசை, பொடி எல்லாம் தனித்தனியாக நிற்கின்றன. கீறல், அறுவை, அட்டைவிடல்கூட அதற்குள் அடக்கம். அவ்வளவு அகலம் நமக்கு வேண்டாம்தான். ஆனாலும் தலைச்சொல்லாகப் ‘புறமருந்து’, அதன் கீழ் களிம்பு, கட்டு, நீர், சீலை என்று வைத்தால் ஒரே சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நீர் என்பது கழுவு மருந்து, சீலை என்பது மருந்து தோய்த்த துணி, பற்று என்பது வீட்டில் ‘பத்துப் போடு’ என்கிறோமே அதே. காயத்தை மூடும் ஜெல்லுக்குப் ‘பசை’ கச்சிதமாகப் பொருந்துகிறது.

> ‘ஹீலிங்’கிற்குக் காயமாற்றம் என்று ஒட்டி எழுதலாமா? (நெல்லிக்குப்பத்து ஆசிரியர்)

வேண்டாம் ஐயா. காயம் என்றால் உடம்பு என்றும் பொருள் உண்டு. ஒட்டி எழுதினால் ஆமை கூடுவிட்டுக் கூடு பாய்வது போல ஆகிவிடும். ‘காயம் ஆறுதல்’ என்று பிரித்தே எழுதுவோம். நம் பக்கத்தில் புதிதாக வெட்டுப்பட்டால் காயம், நாள்பட்டுச் சீழ் வைத்தால் புண் என்கிறோம். அந்த வேறுபாட்டைக் கையேடும் காப்பாற்றட்டும். மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லும்போது உதவும்.

அடுத்தது சீழ். குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தங்கை எழுதியிருந்ததைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையது போல வழிந்து ஓடாது. நம் உடம்பில் சீழை இளக்குவதில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவின் நொதிகளுக்குப் பங்கு உண்டு. ஆமைக்கு அந்த இடத்தில் இருப்பது ஹெட்டரோஃபில். அதன் நொதிச் சேர்க்கை வேறு. அதனால் சீழ் இறுகிப்போய்ப் பாலாடைக்கட்டி போல உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. கீறிவிட்டால் வடியாது, மருத்துவர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் மேலே எந்தக் களிம்பைத் தடவினாலும் களிம்பு ஒரு பக்கம், நோய் ஒரு பக்கம். இதற்குக் ‘கட்டிச்சீழ்’ என்று ஒரு பரிந்துரை வந்தது. சீழ்க்கட்டி என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் அவசரத்தில் படிப்பவர் முன்பின்னாக எடுத்துக்கொள்வார். ‘கெட்டிச்சீழ்’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை. கெட்டிச் சட்னி என்று சொல்கிற ஊர்தானே.

இப்போது எனக்கு அதிகம் பிடித்த பகுதி. நீரில் வாழும் ஆமைக்குக் களிம்பு போட்ட கையோடு தொட்டியில் விட்டால் களிம்பு தண்ணீரோடு போய்விடும். ஆகவே மருந்து பிடிக்கும்வரை ஆமையைத் தண்ணீருக்கு வெளியே வைப்பார்கள். ஆங்கிலத்தில் ‘ட்ரை டாக்கிங்’. கப்பல் பழுதுபார்க்கும் துறையிலிருந்து வாங்கிய சொல். இங்கே வந்த மொழிபெயர்ப்புகள்: உலர்துறை, உலர்த்தல், நீர்விலக்கம், கரையேற்றம்.

உலர்த்தல் ஆபத்தான சொல். கருவாடு காயும் கரையில் அதைப் படிக்கிற பையன் ஆமையை வெயிலில் போட்டுவிடுவான். வெளியே வைத்திருக்கும்போதும் காயம் தவிர மற்ற உடம்பு ஈரம் காயக்கூடாது. ஈரத் துண்டு போர்த்துவார்கள், கண்ணுக்கு வழவழப்பு மருந்து விடுவார்கள். கடலாமையைத் தரையில் அப்படியே கிடத்தினால் தன் எடையே நெஞ்சை அழுத்தும் என்பதால் மெத்தை மீதோ பழைய டயர் மீதோ வைப்பார்கள். நிழல் வேண்டும். இதில் உலர்த்தல் எங்கே இருக்கிறது?

கரையேற்றமும் குழப்பும். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிட வருவதைத்தான் நாம் ‘கரையேறுது’ என்கிறோம். அடிபட்டு வந்தால் ‘கரையொதுங்குது’. மனிதர் எடுத்து வைப்பதற்கு மூன்றாவதாக ஒரு சொல் வேண்டும். தேவனாம்பட்டினத்து அண்ணன் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: கட்டுமரம் தண்ணி குடிச்சுக் கனத்துப்போனா கரையில எடுத்து வைப்போம். அதிலிருந்துதான் ‘கரைவைப்பு’. “களிம்பு போட்டபின் மருத்துவர் சொன்ன நேரம்வரை கரைவைப்பு” என்று எழுதிப் பார்த்தேன். வாயில் தடங்கலின்றி வருகிறது. ஏரி, வாய்க்காலில் தூண்டில் கிழித்த பால் ஆமைக்கும் இதே சொல் செல்லும்.

இன்னொன்று, சொல் அல்ல, விஷயம். ஆமையின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. குளிர்ந்தால் எதிர்ப்புச் சக்தியும் காயம் ஆறும் வேகமும் குறையும். ஒரே களிம்பு சித்திரையில் ஒரு மாதிரியும் மார்கழியில் ஒரு மாதிரியும் வேலை செய்தால் களிம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வாரக்கணக்கு, பெரிய காயமென்றால் மாதக்கணக்கு. பொருக்குத் தட்டியதும் ஆறிவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது; அடியில் சதை ஊறியதா, கெட்டிச்சீழ் இருக்கிறதா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஓடு பிளந்தால் அது எலும்பு முறிந்த கதை, தனி இழையில் பேசுவோம்.

> மஞ்சளும் வேப்பெண்ணெயும் புறமருந்துதானே, அதையும் சேர்க்கலாமே? (முத்தியால்பேட்டை அம்மா)

அம்மா, பெயர்ப் பொருத்தம் இருக்கிறது, ஆனால் கையேட்டில் சேர்க்க மாட்டேன். மஞ்சளை அப்பிவிட்டால் அழுகல் எது, நல்ல சதை எது என்று நிறம் பார்த்துச் சொல்ல முடியாது. மேலும் கடலாமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்து வைத்தியம் பார்ப்பதே குற்றம். தகவல் சொல்வது, நிழல் கொடுப்பது, நாயையும் கூட்டத்தையும் விலக்குவது, இவ்வளவுதான் நம் வேலை. வீட்டுத் தொட்டியில் செங்காது ஆமை வளர்ப்பவர்களும் நம் குழுவில் இருப்பதால் ஒரு எச்சரிக்கை: நாய், மாட்டுக்குப் புழு, உண்ணிக்காகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு, உயிரே போகும்.

கையேட்டு வரைவு இப்படி நிற்கிறது:

“படகு புரொப்பல்லர் வெட்டியோ அறுந்த வலை இறுக்கியோ காயத்துடன் கரையொதுங்கிய ஆமையைக் கடலுக்குள் திருப்பித் தள்ளாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்தப் புறமருந்தும் நீங்களாகப் போட வேண்டாம். மருத்துவர் கெட்டிச்சீழை நீக்கி, களிம்போ சீலையோ வைத்து, கரைவைப்பு நேரத்தைச் சொல்வார். அதுவரை நிழலும் ஈரத்துணியும் போதும். மூக்கின் மேல் துணி போடாதீர்கள்.”

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து

——

வணக்கம் அண்ணா. கரைவைப்பு எங்கள் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டார்கள். சீலைதான் இடிக்கிறது. இங்கே சீலை என்றால் புடவை. அடிபட்ட ஆமைக்கு யாராவது வீட்டிலிருந்து பழைய சீலையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.
– தாழங்குடா

——

தம்பி, நியாயம். ‘மருந்துச்சீலை’ என்று மாற்றிவிட்டேன். பழைய சீலை வந்தாலும் தப்பில்லை, நனைத்து முதுகில் போர்த்தலாம். காயத்தில் மட்டும் படவேண்டாம். மற்றவர்களுக்கு மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.