கனடா ஈஐ (EI, வேலைவாய்ப்புக் காப்புறுதி): முழுநேர மாணவருக்கு வேலை போனாலோ வருத்தம் வந்தாலோ கிடைக்குமோ?

பனங்கூடல்:
வணக்கம். மருமகள் ஒன்ராறியோவில கொலிஜில முழுநேரம் படிக்கிறா. ரெண்டு வருசமாப் பின்னேரமும் சனி ஞாயிறும் கடையில கிழமைக்கு 28 மணித்தியாலம் வேலை. இப்ப ஆள்குறைப்பில நிப்பாட்டிப் போட்டினம். மாணவருக்கு ஈஐ இல்லை எண்டு எல்லாரும் சொல்லினம். அடுத்த மாதம் ஒப்பரேசனும் இருக்கு. வருத்தக் கொடுப்பனவுக்கு (சுகமில்லாத காலத்தில குடுக்கிற ஈஐ காசு) தனியாப் போட வேணுமோ?

ஆற்றங்கரை:
சட்டம் அப்பிடித் தடை போடேல்ல. முழுநேர மாணவர் வேலைக்குத் தயாராயில்லை எண்ட ஊகத்தோடதான் சேர்விஸ் கனடா (ஈஐ விண்ணப்பங்களைப் பாக்கிற அரச அலுவலகம்) தொடங்கும். இல்லை, தயார்தான் எண்டு காட்ட வேண்டியது விண்ணப்பிக்கிறவர். படிச்சுக்கொண்டே ரெண்டு வருசம் வேலை செய்த பதிவுதான் அவவின்ர பெரிய பலம். சம்பளத் துண்டுகள், வேலை நேர அட்டவணை, வகுப்பு அட்டவணை மூண்டையும் எடுத்து வையுங்கோ. பகல் வகுப்பு இருந்தா மறுத்தே ஆக வேணும் எண்ட விதி இல்லை எண்டு 2023இல பேஜ் வழக்கில கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கு.

கன பேர் சறுக்கிறது படிப்பைப் பற்றிக் கேக்கிற பயிற்சிப் படிவத்தில. வகுப்போட மோதுற முழுநேர வேலை கிடைச்சா என்ன செய்வீங்கள் எண்டு கேப்பினம். "படிப்பை விடமாட்டன்" எண்டு மட்டும் எழுதினா மறுப்பு வர நல்ல வாய்ப்பு. உண்மையைத்தான் எழுத வேணும், ஆனா முழுசா எழுத வேணும்: எந்த நேரங்களில வேலை செய்யலாம், எந்த வகுப்பை மாத்தலாம், எங்கெங்க விண்ணப்பிச்சவ எண்டு திகதியோட. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அனுப்புற அறிக்கையில படிப்பை மறைக்கவே கூடாது. பிறகு காசைத் திருப்பிக் கட்டுறதோட தண்டமும் வரும்.

கடைசி வேலை நாளிலயிருந்து 4 கிழமைக்குள்ள விண்ணப்பியுங்கோ. சாதாரண கொடுப்பனவுக்கு (வேலை போனா குடுக்கிறது) பிரதேசத்தைப் பொறுத்து வேலை செய்த 420 முதல் 700 மணித்தியாலம் வேணும்.

மேப்பிள்நிழல்:
வருத்தக் கொடுப்பனவுக்குக் கடைசி 52 கிழமைக்குள்ள 600 மணித்தியாலமும் மருத்துவச் சான்றிதழும் வேணும். 2022 டிசம்பர் 18இலயோ அதுக்குப் பிறகோ தொடங்கின கோரிக்கைகளுக்கு 26 கிழமை வரை குடுப்பினம், சராசரி வருமானத்தின்ர 55%, உச்சவரம்புக்குள்ள. ஈஐ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தா அதே கோரிக்கையில மாத்தலாம், காத்திருப்புக் கிழமை (தொடக்கத்தில காசு இல்லாத கிழமை) ரெண்டாம் தரம் இல்லை.

ஆனா இதைக் கவனியுங்கோ: வருத்தம் இல்லாட்டி வேலைக்குத் தயாரா இருந்திருப்பா எண்டு இதிலயும் காட்ட வேணும். அதால படிப்பைக் காரணம் காட்டிச் சாதாரண கொடுப்பனவை மறுத்தா, வருத்தக் கொடுப்பனவும் அதே காரணத்தால விழலாம். முதல் படிவத்தை அவசரத்தில நிரப்பாதேங்கோ.

ஆற்றங்கரை:
மறுத்தா, முடிவு தெரிஞ்ச நாளிலயிருந்து 30 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேளுங்கோ, ஆதாரங்களையும் சேர்த்து. அதுவும் சரிவராட்டி சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதுக்கும் 30 நாள்தான்.

வாசிக்கிற மற்ற ஆக்களுக்கு: படிக்கப் போறன் எண்டு வேலையைத் தானா விட்டா நிலைமை வேற. மாகாண வேலைவாய்ப்புத் திட்டம் முன்கூட்டியே பரிந்துரைச்ச படிப்பா இருந்தாலொழிய ஈஐ கிடைக்கிறது மெத்தக் கஷ்டம். வேலையை விட முதல் அந்த அலுவலகத்தோட கதையுங்கோ.