முறுக்கு டின்னுக்கு அடியில் உறை

பட்டர்வொர்த்காரன்: அரசு அலுவலக கவுண்டரில் வேலை. போன வாரம்தான் நெறிமுறைப் பயிற்சி முடித்தேன், மதியத்துக்கு மேல் ஒரே தூக்கம். நேற்று ஒரு குத்தகையாளர் தீபாவளி முறுக்கு டின் வைத்துவிட்டுப் போனார். அடியில் உறை! சுருக்கமாகப் படிக்க ஏதாவது உண்டா?

ஓய்வுபெற்ற கிராணி: தம்பி, அரசு ஊழியர்களுக்கான 1993 நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளில் 8ஆம் விதி. மறுக்க முடியாத பரிசு என்றால் துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். முறுக்குக்கு அது சரி. உறைக்கு 2009 மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், 25ஆம் பிரிவு. லஞ்சம் கொடுத்ததைப் புகார் செய்யாவிட்டாலே 10 ஆண்டு வரை சிறை, 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஜெலுத்தோங் அக்கா: இன்றைக்கே அந்த ஆணையத்துக்கு (எஸ்பிஆர்எம்) போங்கள். உறையைப் பிரிக்க வேண்டாம்.

பட்டர்வொர்த்காரன்: கிளம்பிவிட்டேன் அக்கா. உறை அப்படியே இருக்கிறது. முறுக்கில்தான் நாலு குறையும்.