யூரோலீக் அட்டவணையில் பண்டிகை நாட்களும் டெர்பிகளும்: எதை அடைக்கணும், எதை விடலாம்?

ஃபாஸ்ட்பிரேக்:
யூரோலீக் (ஐரோப்பியக் கூடைப்பந்து கிளப் லீக்) 2025-26 அளவில் ஒரு அட்டவணை நிரல் எழுதுகிறேன்: 20 அணி, 38 சுற்று, 380 ஆட்டம். யோம் கிப்பூர் (யூதர்களின் விரத நாள்), ரம்ஜான், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாவற்றையும் 'ஆட்டம் இல்லை' என்று அடைத்தால், தீர்வே இல்லை என்று நிரல் கையை விரிக்கிறது. ஒன்றிரண்டைத் திறந்துவிட்டால் பனாதினைக்கோஸ் - ஒலிம்பியாகோஸ் டெர்பி (கிரேக்கப் பரம எதிரிகளின் ஆட்டம்) நேராகப் புனித வெள்ளி இரவில் போய் உட்காருகிறது. எதைக் கண்டிப்பாக வைக்கணும்?

வடக்குக்கூடை:
லீக் முழுவதுக்கும் தேதியை அடைக்கிறீர்கள், அதுதான் கோளாறு. ஒவ்வொரு சுற்றும் செவ்வாய்-புதன் அல்லது வியாழன்-வெள்ளி என இரண்டு நாளில் நடக்கிறது. சம்பந்தப்பட்ட அணியை மற்ற நாளுக்குத் தள்ளினாலே முக்கால்வாசி மோதல் தீர்ந்துவிடும்.

யோம் கிப்பூருக்குத் தேதியோடு மணியும் வேண்டும். முதல் நாள் சூரியன் மறையும்முன் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை, சுமார் 25 மணி நேர விரதம். அந்த நேரத்தில் டெல் அவிவ் விமான நிலையமே மூடியிருக்கும். அதனால் விரதம் தொடங்கும் நாளில் வெளியூரில் ஆட்டம் போட்டால் அணி வீடு திரும்ப முடியாது.

ஒரு வசதி: யூத நாட்காட்டி விதிப்படி யோம் கிப்பூர் பகல் செவ்வாய், வெள்ளி, ஞாயிறுகளில் வராது. திங்களில் வந்தால் உங்களுக்குத் தொல்லையே இல்லை (2026 செப்டம்பர் 21, 2027 அக்டோபர் 11 இரண்டும் திங்கள்). மோசமானது வியாழன், அதிலும் இரண்டு சுற்று நடக்கும் வாரம். 2025-ல் சீசன் தொடங்கியது செப்டம்பர் 30 செவ்வாய், விரதம் தொடங்கியது அக்டோபர் 1 புதன் மாலை. முதல் சுற்றுக்குச் செவ்வாய் இருக்கிறது. இரண்டாவதுக்கு வியாழன் இரவு என்றால் விரதம் முடிந்த கையோடு ஆடணும், வெள்ளி இரவு என்றால் ஷபாத் (யூதர்களின் வாராந்திர ஓய்வு நாள்). இந்த மாதிரி வாரத்தில் அந்த அணியின் ஒரு ஆட்டத்தை மட்டும் பிடுங்கி வேறு வாரத்தில் நடுங்கள். சுற்று முழுவதையும் நகர்த்த வேண்டாம்.

இன்னொன்று, அரங்கம் இருக்கும் ஊரும் மத நாட்காட்டியும் தனித்தனி நெடுவரிசையாக இருக்கணும். அந்த சீசன் தொடக்கத்தில் மக்காபி டெல் அவிவின் வீட்டு ஆட்டங்கள் பெல்கிரேடில், ஹபோயெல் டெல் அவிவுடையது சோஃபியாவில். ஊர் மாறியதால் பண்டிகை மாறிவிடுமா என்ன!

மூன்றுபுள்ளி:
'ஆர்த்தடாக்ஸ்' (கிழக்கத்தியக் கிறிஸ்தவம்) என்று ஒரே பெட்டியில் போட்டிருந்தால் உடைத்துவிடுங்கள். கிரீஸுக்கும் செர்பியாவுக்கும் ஈஸ்டர் ஒன்று, கிறிஸ்துமஸ் வேறு. கிரேக்கர்களுக்கு டிசம்பர் 25, செர்பியர்களுக்கு ஜனவரி 7. 2026-ல் ஜனவரி 6, 7 செவ்வாயும் புதனும். எனவே அந்த வாரம் செர்பிய அணிகளான ஸ்வேஸ்தாவுக்கும் பார்டிசானுக்கும் பெல்கிரேடில் ஆட்டம் வைக்காதீர்கள். ஈஸ்டர் 2025-ல் எல்லாருக்கும் ஏப்ரல் 20. அதை வைத்துச் சோதித்தால் பிழை தெரியாது. 2026-ல் மேற்கத்திய ஈஸ்டர் ஏப்ரல் 5, ஆர்த்தடாக்ஸ் 12. 2027-ல் மார்ச் 28, மே 2. இந்த 2027-ஐ வைத்துச் சோதியுங்கள்.

ரம்ஜான் மாதத்தை அடைக்கவே வேண்டாம். இஸ்தான்புல்லில் 2026 ரம்ஜானில் நோன்பு திறப்பது மாலை 6:50-லிருந்து 7:20-க்குள். ஃபெனர்பாஹ்சே, எஃபெஸ் வீட்டு ஆட்டங்களை 8:30-க்கு மேல் வைத்தால் போதும். பெருநாளில்தான் கவனம். துருக்கி கணக்கிட்டு முன்கூட்டியே தேதி அறிவித்துவிடும். துபாய் அணிக்கு அப்படி இல்லை, பிறை பார்த்து முந்தின இரவுதான் முடிவாகும். அங்கே பெருநாள் வரக்கூடிய இரண்டு தேதியையும் அடையுங்கள்.

சுழல்முறை:
டெர்பியைக் கடைசியில் பொருத்தப் பார்த்தால் இப்படித்தான் சிக்கும். முதலில் அதை நடுங்கள். வழக்கமான சுழல்முறையில் (அணிகளுக்கு எண் கொடுத்து, எல்லாரும் எல்லாரோடும் ஆடும் முறை) எந்த எண்ணும் எந்த எண்ணும் எந்தச் சுற்றில் மோதும் என்பது முன்பே தெரியும். எந்த அணிக்கு எந்த எண் என்பதுதான் உங்கள் கையில்.

20 எண்ணில் 10 எதிர்ஜோடிகள் உண்டு: ஒன்று வீட்டில் ஆடும்போது மற்றது வெளியூரில். ஒரே ஊர் அணிகளுக்கு அந்த ஜோடிகளையே கொடுங்கள், அரங்கத் தகராறும் போலீஸ் தகராறும் சேர்ந்தே தீரும். மறுபாதி முதல் பாதியின் பிரதி என்றால் 5-வது சுற்று டெர்பி 24-ல் திரும்ப வரும். முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதால்தான் பலருக்கு அடி விழுகிறது. 2026-ல் ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் கடைசிச் சுற்றுகளோடு உரசுகிறது. ஆகவே கிரேக்க டெர்பியை 17, 18, 19-ல் வைக்கவே கூடாது, அது 36, 37, 38-ல் திரும்ப வரும்.

ஃபாஸ்ட்பிரேக்:
நன்றி. என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கிறிஸ்துமஸ் அன்றே பெரிய மோதல்களை வைக்கிறதே, கிரேக்க டெர்பியை ஈஸ்டரில் வைத்தால் என்ன?

மூன்றுபுள்ளி:
என்பிஏ 25-ம் தேதி 5 ஆட்டம் வைக்கிறது, 24-ல் ஒன்றுகூட வைக்காது. 30 அணியில் 20 அணிக்கு அன்று ஓய்வு. அது வீட்டில் டிவி முன் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கான ஏற்பாடு. ஏதென்ஸ்காரர்கள் ஈஸ்டருக்குச் சொந்த ஊர் கிளம்பிவிடுவார்கள், வெள்ளி இரவு தெருவெங்கும் எபிடாஃபியோஸ் (இயேசுவின் அடக்கத்தை நினைவுகூரும்) ஊர்வலம். டெர்பிக்குப் போலீஸ் எங்கிருந்து வரும்?

பிளேஆஃபில் (லீக் சுற்றுக்குப் பிந்தைய கட்டம்) ஜோடி முன்கூட்டித் தெரியாது, அதனால் கிரேக்க அணிகளின் வீட்டு ஆட்டத்துக்குப் புனித வெள்ளியிலிருந்து திங்கள்வரை காலியாக விடுங்கள். 2024-ல் ஈஸ்டர் மே 5 ஞாயிறு, பனாதினைக்கோஸ் - மக்காபி 5-வது ஆட்டம் ஏதென்ஸில் மே 7 செவ்வாய். அந்த இடைவெளி போதும்.