டெக்சாஸ்ல சொந்த நிலத்துல பிஸ்டல், எச்1பி வேலை விசாவுல இருக்கறவங்க வச்சுக்கலாமா?

வணக்கம் மக்களே, ஆஸ்டின்ல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி 5 ஏக்கரோட வீடு வாங்கிருக்கோம், ராத்திரியானா காட்டுப்பன்னி கூட்டமா வந்து முருங்கைக்கன்னு வச்ச இடத்தையெல்லாம் உழுது போட்டுட்டுப் போகுது, டார்ச் அடிச்சா நின்னு முறைக்குது வேற. பக்கத்து வீட்டுப் பெரியவர் இடுப்புல பிஸ்டலோடதான் நடப்பாரு, உன் நிலத்துல எதுக்கு லைசென்ஸ்ங்கறாரு. அவருக்குச் சரி, டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசானவங்க வெளியவே பெர்மிட் இல்லாம கொண்டு போலாம். நான் எச்1பி, ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி துப்பாக்கி வச்சுக்கக் கூடாது, ஹண்டிங் லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. ஆனா அது ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சிடுமே, ரின்யூ பண்ண மறந்து பிஸ்டல் வீட்ல இருந்தா கிரீன்கார்டுக்கே ஆப்பு ஆயிடுமா? கூட இருக்கற தம்பிக்கு கிரீன்கார்டு இருக்கு, அவனோட பிஸ்டலை நான் அவசரத்துக்கு எடுத்தா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, இதுல விவரமான வக்கீல் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல வாங்க ப்ளீஸ்.