உதவி (அவசரம்): 6 பேர் படுக்கிற கரவன் இழுக்க எந்தக் கார்?

ஹரோ_குடும்பஸ்தன்
வணக்கம். ஓகஸ்ட் லீவுக்கு யோர்க்‌ஷயர் ஸ்கார்பரோ போக ஒரு பழைய கரவன் (காருக்குப் பின்னால இழுக்கிற சில்லு வீடு) பார்த்து வைச்சிருக்கிறம், 6 பேர் படுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள்ள விக்கிறவருக்கு முடிவு சொல்ல வேணும். கையில இருக்கிறது டொயோட்டா ராவ்4 ஹைபிரிட் 2019, 218 குதிரைவலு. அத்தான் இது தாராளமா இழுக்கும் எண்டுறார். விக்கிறவர் பெரிய டீசல் வேணும் எண்டுறார். இதே காணுமா, மாத்த வேணுமா? மாத்துறதெண்டால் எது நல்லது? கெதியாச் சொல்லுங்கோ.

பாரவண்டி
கரவன்ர நிறை எவ்வளவு தம்பி? 6 பேர் எண்டது கட்டில் கணக்கு. வாசல் கதவுக்குப் பக்கத்தில ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில எம்.டி.பி.எல்.எம் எண்டு ஒரு இலக்கம். சாமான் ஏத்தினாப் பிறகு கரவன் அதுக்கு மேல போகக்கூடாது. எம்.ஐ.ஆர்.ஓ எண்டது வெறும் கரவன்ர நிறை. ரெண்டையும் எழுதுங்கோ. காரில எத்தினை பேர் போறியள்? லைசன்ஸ் எப்ப எடுத்தது?

மதுரை_லீட்ஸ்
பாஸ், முதல்ல லைசென்ஸைப் பாருங்க. 97க்கு அப்புறம் பாஸ் பண்ணவங்க பி+இ (ட்ரெய்லர் இழுக்கிற) டெஸ்ட் பாஸ் பண்ணாம இவ்வளவு பெரிய வண்டி இழுக்க முடியாது. அப்புறம் ஃபோர் வீல் டிரைவ் இல்லாம கரவன் பக்கமே போகாதீங்க. மழை பேஞ்ச புல்வெளியில முன்சக்கர வண்டி அப்படியே சுத்திக்கிட்டு நிக்கும்.

குரோய்டன்_மூத்தவர்
மாசத்துக்கு ஒருக்கா இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருத்தருக்கும் இல்லை. பதில் சொல்ல வாறவையும் பழைய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகினம். பி+இ சோதனை பிரித்தானியாவில 2021 டிசெம்பர் 16ஓட போயிட்டுது. சாதாரணக் கார் லைசன்ஸ் இருந்தால் 3,500 கிலோ வரை இழுக்கலாம். ஆனா அது உங்களுக்குக் கிடைச்ச அனுமதி, காருக்கு இல்லை. காருக்கு வேற கணக்கு.

பாரவண்டி
மூத்தவர் அண்ணை சொன்னது சரி, கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம். தம்பி, நீங்கள் எழுதின 218 எண்ட இலக்கம் எனக்குப் பிடிக்கேல்லை. அந்த ராவ்4 ஹைபிரிட்டில 218 எண்டால் முன்சில்லு மட்டும் இழுக்கிற கார். பின்னச்சில தனி மோட்டர் வைச்ச நாலுசில்லு வண்டி 222. பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு நாலுசில்லு வண்டியின்ர எல்லை 1,650 கிலோ. முன்சில்லு வண்டிக்கு வெறும் 800.

உறுதிப்படுத்த, முன்கதவைத் திறந்தால் தூணில, இல்லாட்டி பொனற்றுக்குக் கீழ, வி.ஐ.என் (காரின்ர அடையாள இலக்கம்) தகடு இருக்கும். நாலு நிறை வரிசையா இருக்கும். முதலாவது, கார் நிறைய ஏத்தினால் வரக்கூடிய மொத்தம். ரெண்டாவது, காரும் கரவனும் சேர்ந்த மொத்தம். ரெண்டாவதில முதலாவதைக் கழியுங்கோ. 2,300, 3,900 எண்டு இருந்தால் 1,600 கிலோ இழுக்கலாம். ரெண்டாவது இலக்கமே இல்லாட்டி அந்தக் கார் இழுக்கிறதுக்குச் செய்ததில்லை. வி5சி (கார்ப் பதிவு) தாளில ஓ.1 கட்டத்தையும் பாருங்கோ, பிரேக் உள்ள ட்ரெய்லர் எல்லை அதில இருக்கும்.

ஹரோ_குடும்பஸ்தன்
லைசன்ஸ் 2009. எம்.டி.பி.எல்.எம் 1,500, எம்.ஐ.ஆர்.ஓ 1,345 எண்டு விக்கிறவர் அனுப்பினவர். நாங்கள் அம்மாவோட 6 பேர். ராவ்4ல 5 சீட் தான், கடைசி மகன் கரவனுக்குள்ள படுத்துக்கொண்டு வரலாம்தானே? கார் தகடு வேலை முடிஞ்சு பார்க்கிறன்.

குரோய்டன்_மூத்தவர்
ஏலாது. ஓடுற கரவனுக்குள்ள ஆள் இருக்கிறது சட்டவிரோதம். இதைக் கூடக் கேட்க வேண்டிக் கிடக்கு.

பாரவண்டி
அப்ப கார் கேள்வி முடிஞ்சுது, 7 சீட் வேணும். இனி நிறைக் கணக்கு. கார்ர வெறும் நிறையில 85 வீதத்துக்குள்ள கரவன் இருக்கிறது புதுசா இழுக்கிற ஆக்களுக்கு நல்லது. இது சட்டம் இல்லை, கரவன் சங்கங்கள் சொல்ற அறிவுரை. 1,500ஐ 0.85ஆல பிரிச்சால் 1,765. அதுக்குக் குறைஞ்ச கார் வேண்டாம். குதிரைவலு எவ்வளவு எண்டாலும், இழுவை எல்லை, கார் நிறை, கொக்கியில இறங்கிற பாரம், எது முதல்ல முட்டுதோ அதுதான் உங்கட எல்லை.

பழைய டீசல்களில 2015–2020 கியா சொரெண்டோ 2.2 பாருங்கோ. நிறை 1,900 கிலோ அளவில நிக்கும். கையால மாத்திற கியர் 2,500 கிலோ இழுக்கும், ஓட்டோமற்றிக் 2,000. உங்களுக்கு ரெண்டும் காணும். ஃபோர்ட் கலக்ஸி 2.0 டீசலும் 2,000 இழுக்கும், ஆனா அதின்ர நிறை 85 வீதக் கோட்டில மட்டுமட்டா நிக்கும். ஒரே பேரில நாலு எஞ்சின், நாலு எல்லை வரும், அதால எதை வாங்கினாலும் அந்தக் காரின்ர தகட்டைத்தான் நம்ப வேணும். ஹரோ யூலெஸ் எண்ட லண்டன் புகைக் கட்டண வலயத்துக்குள்ள, டீசல் யூரோ 6 புகைத் தரம் இல்லாட்டி நாளுக்கு 12.50 பவுண்ட்ஸ்.

மின்தம்பி
2015 டீசலை இப்ப போய் வாங்கச் சொல்றியளே அண்ணை! பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தி இறக்கிற ரெண்டு மைல் ஓட்டத்தில டி.பி.எஃப் புகை வடிகட்டி அடைச்சுப்போகும். டெஸ்லா மொடல் வை 1,600 கிலோ இழுக்கும். நிறையும் 2 தொன் கிட்ட, 85 வீதத்துக்குள்ள வடிவா நிக்கும்.

மதுரை_லீட்ஸ்
தம்பி, இழுக்கும், சரி. எவ்வளவு தூரம்? அந்தப் பெட்டி 2.3 மீட்டர் அகலம், காத்தைத் தள்ளிக்கிட்டுப் போகணும். ரேஞ்சு பாதிதான் வரும். ஹரோவுல இருந்து ஸ்கார்பரோ கிட்டத்தட்ட 240 மைல். சார்ஜர் முக்கால்வாசி இடத்துல கார் நிறுத்துற கட்டத்துக்குள்ள இருக்கு. ஒவ்வொரு தடவையும் கரவனைக் கழட்டி ஓரங்கட்டிட்டுப் போய் சார்ஜ் போடணும். ஆறு பேரை வச்சுக்கிட்டு?

மின்தம்பி
வருசத்தில ரெண்டு கிழமை கரவன் இழுக்க, மிச்ச 50 கிழமையும் டீசல் ஓட வேணுமா? வடிகட்டி மாத்திற காசையும் கணக்கில சேருங்கோ.

மதுரை_லீட்ஸ்
மாசத்துல ஒரு நாள் மோட்டர்வேல அரை மணி நேரம் ஓட்டினா வடிகட்டி தானா எரிச்சுச் சுத்தம் பண்ணிக்கும். பாட்டரி மாத்துற காசை நீங்க ஏன் சேர்க்கல?

குரோய்டன்_மூத்தவர்
இது டீசல் எதிர் மின்சாரம் இழை இல்லை. தம்பிக்குத் தேவையானதைச் சொல்றன். 1,500இல 1,345 போனால் சாமானுக்கு 155 கிலோ. அதில மோட்டர் மூவர் (கார் இல்லாமல் கரவனை நகர்த்திற மோட்டர்) பூட்டியிருந்தால் 30க்கு மேல, முன்கூடாரம் 20–25, பட்டரி 20. மிச்சம்தான் உடுப்பு, சட்டி பானை, அரிசி மூட்டை எல்லாம். பாரமானது சில்லுக்கு மேல, தரையோட கிடக்க வேணும். பின் அலுமாரியில அடைஞ்சால் கரவன் வாலாட்டும். ஆட்டினால் அக்சிலரேற்றரில இருந்து காலை எடுங்கோ, ஸ்டியரிங்கை நேரா வைச்சிருங்கோ, பிரேக்கை அமத்தாதேங்கோ.

கொக்கியில இறங்கிற பாரம் ஏத்தின நிறையில 5 முதல் 7 வீதம், உங்களுக்கு 75–105 கிலோ. கார், டோ பார் (காரில பூட்டிற இழுவைக் கம்பி), கரவன்ர கொக்கி, மூண்டிலயும் குறைஞ்ச எல்லையைத் தாண்டக்கூடாது. அளக்கக் குளியலறைத் தராசு காணும். சமதரையில சில்லுக்குக் கட்டை வைச்சு, கொக்கித் தலைக்குக் கீழ தராசு, அதுக்கு மேல கரவன் மட்டமா நிக்கிற உயரத்துக்கு வெட்டின மரத்துண்டு. முன் சின்னச்சில்லை மெல்லச் சுத்தி ஏத்தினால் பாரம் முழுக்க மரத்தில இறங்கும், அப்ப வாசியுங்கோ.

பாரவண்டி
கூட ரெண்டு விசயம். கரவன் காரை விட அகலம், நீட்டுக் கண்ணாடி கட்டாயம். இல்லாட்டி 1,000 பவுண்ட்ஸ் வரை தண்டம், லைசன்ஸில 3 புள்ளி. மோட்டர்வேயில 60 மைல், மூண்டு லேன் இருந்தால் வலது ஓரத்துக்குப் போகக்கூடாது. சற்நாவ் ஸ்கார்பரோவுக்கு ஏ170ஆல கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும். அதில சட்டன் பாங்க் ஏத்தம் கரவனுக்குத் தடை. ஏ64ஆல போங்கோ.

ஹரோ_குடும்பஸ்தன்
தகடு பார்த்தன், கழிச்சால் 800 தான். சனிக்கிழமை சொரெண்டோ ஓட்டோமற்றிக் ஒண்டு பார்க்கப் போறம், டோ பார் பூட்டியிருக்காம். இந்த இழையை அத்தானுக்கும் அனுப்பியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

பாரவண்டி
அந்த டோ பார் அன்னக்கழுத்து மாதிரி வளைஞ்ச ஒற்றைக் கம்பியா, குண்டை (கொக்கி மாட்டிற உருண்டை) போல்ட் போட்ட தட்டா? கரவனில அல்கோ ஸ்டெபிலைசர் (வாலாட்டத்தைக் குறைக்கிற கொக்கி) இருந்தால் தட்டு வகைக்கு நீண்ட கழுத்துக் குண்டு வேணும், சாதாரணக் குண்டில கொக்கி முட்டும். குண்டில பெயின்ற், கிரீஸ் ஒண்டும் இருக்கக்கூடாது, உள்ளுக்க இருக்கிற உராய்வுப் பட்டை பழுதாப்போகும். மின் இணைப்பு 13 முள்ளா, ரெண்டு 7 முள்ளா எண்டும் பாருங்கோ.

மின்தம்பி
@மதுரை_லீட்ஸ் பட்டரிக்கு 8 வருச உத்தரவாதம் இருக்கு. உங்கட வடிகட்டிக்கு?