வாடகைக்கு முதல் சொத்து: சரவணம்பட்டி பிளாட்டா, திருப்பூர் லைன் வீடா?

கோபி_வாழைத்தோப்பு
வணக்கமுங்க. கையில 40 லட்சம் இருக்குது, லோன் 30 லட்சம் கிடைக்கும். வாடகை வருமானத்துக்குன்னே முதல் தடவையா வாங்கறேன். ரெண்டு இடம் பாத்து வெச்சிருக்கேன்.

ஒண்ணு, கோயமுத்தூர் சரவணம்பட்டி பக்கம் கட்டி முடிஞ்ச புது ரெண்டு பெட்ரூம் பிளாட், 52 லட்சம். வாடகை 16,000 போகும்னு பில்டர் சொல்றார். இன்னொண்ணு, திருப்பூர்ல 5 சென்ட்ல 6 லைன் வீடு (வரிசையா ஒட்டிக் கட்டின சின்ன வீடுக), 62 லட்சம். வீட்டுக்கு 5,500 வீதம் மாசம் 33,000 இப்பவே வருது. கட்டி 14 வருசம். ஒரே ஈ.பி. சர்வீஸ், உள்ள சப் மீட்டர். போர்த்தண்ணி உப்பு, நல்லதண்ணி வாரம் ஒருக்கா. ரோட்ல இருந்து உள்ள போக 10 அடி தடம்.

எதை எடுக்கலாமுங்க? எதைப் பாக்காம விட்டா மாட்டிக்குவேன்?

வட்டிக்கணக்கு
தம்பி, வாடகையை விலையால வகுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. செலவு போக நிக்கறதைப் பாருங்க.

லைன் வீடு: வருசத்துக்கு 3,96,000. ஒவ்வொரு வீடும் வருசத்துல ஒரு மாசம் காலியா கிடக்கும்னு வெச்சு 33,000 கழிங்க. திருப்பூர்ல ஆர்டர் டல்லடிச்சா ஆளுக ஊருக்குக் கிளம்பிருவாங்க, அதனால இதுக்குக் கீழ கணக்கு போடாதீங்க. சொத்து வரி 9,000, பொது மோட்டர் கரண்ட்டு 12,000, வெள்ளையடிப்பு, குழாய், செப்டிக் லாரி எல்லாம் சேத்து 30,000. மிச்சம் 3,12,000. அடக்கம்னு பாத்தா 62 லட்சத்தோட பத்திரச் செலவு 9 சதம் (முத்திரை 7, பதிவு 2), அதாவது 5.58 லட்சம், மொதல் மராமத்துக்கு 2 லட்சம். மொத்தம் 69.58. நிகரம் 4.5 சதம்தான்.

பிளாட்: புது பிளாட்டோட மொதல் விற்பனைக்கு 50 லட்சத்துக்கு மேல போனா 7 சதம், 3.64 லட்சம். கபோர்டு, கிரில், பேனுக்கு 2.5 லட்சம். அடக்கம் 58.14. வாடகை 1,92,000-ல ஒரு மாசக் காலி, வரி, சில்லறை ரிப்பேர் போனா 1,60,000 நிக்கும். 2.75 சதம். அதுவும் பில்டர் சொன்ன 16,000 நெஜம்னா. அதே அபார்ட்மென்ட்ல வாட்ச்மேன் கிட்ட கேளுங்க, போன மாசம் குடிவந்தவங்க என்ன குடுக்கறாங்கன்னு சொல்லீருவார்.

இப்ப லோன். 30 லட்சம், 8.5 சதம், 20 வருசம்னா தவணை மாசம் 26,035. வருசத்துக்கு 3,12,420. லைன் வீட்டு நிகர வருமானம் அப்படியே தவணைக்குப் போயிரும். உங்க சொந்தக் காசு 40 லட்சத்துக்குக் கைக்கு ஒத்த ரூவா வராது. அசல் அடையறதும் இடம் விலை ஏறறதும்தான் லாபம். ரெண்டு வீடு மூணு மாசம் காலியா கெடந்தா தவணையைக் கைக்காசுல கட்டோணும். 62-ல நிக்காதீங்க. 55-க்கு எறங்கினாப் பேசுங்க, இல்லைன்னா அடுத்த இடம் பாருங்க.

வருமான வரி ஒரு வார்த்தை: கட்டின சொத்து வரியைக் கழிச்சு, மீதியில 30 சதம் நேரா கழிவு, அப்புறம் லோன் வட்டி. 3,87,000-ல 30 சதம் போக 2,70,900. மொத வருச வட்டி சுமார் 2.53 லட்சம். வரிக்கு வர்றது 18,000 சொச்சம்தான். ஆனா புது வரி முறையில இருந்தீங்கன்னா, வட்டி எச்சாகி வீட்டுக் கணக்கு நட்டம் காட்டினாலும் அதைச் சம்பளத்துல கழிக்க முடியாது.

சென்ட்ரிங்_மேஸ்திரி
கணக்கை அண்ணன் சொல்லீட்டார். நான் எடத்தைச் சொல்றனுங்க. லைன் வீட்டுக்கு வர்ற குடும்பம் மொதல்ல பாக்கறது தண்ணியை.

6 வீடு, வீட்டுக்கு 4 பேர்னா 24 பேர். குடிக்க, சமைக்க ஆளுக்கு 20 லிட்டர்னா நாளைக்கு 480. வாரம் ஒருக்கா வர்ற தண்ணி சில சமயம் பத்து நாளாகும், அப்ப 4,800 லிட்டர் வேணும். சம்ப்பை (தரைக்கடியில இருக்கற தண்ணித்தொட்டி) டேப் வெச்சு அளங்க: 6 அடிக்கு 5 அடி, ஆழம் 6 அடி இருந்தா 180 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 5,000 சொச்சம். அதுக்குச் சின்னதா இருந்தா கோடைல வாடகை எறங்கும். குளிக்க, துவைக்க ஆளுக்கு 100 லிட்டர்னா போர்ல இருந்து நாளைக்கு 2,400. ஏப்ரல், மே மாசத்துல மோட்டரை ஒரு மணி நேரம் விடாம ஓட்டிப் பாருங்க. பாதியில காத்து வந்தா போர் நம்பிக்கை இல்லை.

உப்புத்தண்ணியில கட்டி, உப்புத்தண்ணியிலயே நனைச்ச செவுருன்னா கீழ மூணடிக்குப் பூத்துப் பெயிண்ட் உரியும். புதுசா வெள்ளையடிச்சு வெச்சிருந்தா வெரல் மடக்கித் தட்டுங்க, டொக்டொக்குன்னு வெறுஞ்சத்தம் வந்தா பூச்சு கழண்டிருக்குது. பாத்ரூம் மேல்தளத்தைக் கண்டிப்பா அண்ணாந்து பாக்கோணும். கம்பி துருப்பிடிச்சுக் காங்கிரீட் பேந்து நின்னா, நல்ல வெலைக் குறைப்பு கேக்கலாம், இல்லைன்னா விட்றலாம். மாடி தட்டோடு எணைப்புல சிமெண்ட் போயிருந்தா அது சின்ன வேலை, பயப்படாதீங்க.

செப்டிக் டேங்க்குக்கும் போருக்கும் 50 அடியாவது தள்ளி இருக்குதான்னு பாருங்க. கிட்ட இருந்தா தண்ணியை லேபுக்குக் குடுத்துட்டுத்தான் மத்த பேச்சு.

அந்த ஒத்த சர்வீஸ் தான் எனக்குப் புடிக்கலை. வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 140 யூனிட்னு வெச்சுக்கங்க. தனித்தனி சர்வீஸ்னா 100 இலவசம், 40-க்குத்தான் காசு. ஒரே சர்வீஸ்னா ஆறு வீடும் சேந்து 840. இலவசம் மொத்தத்துக்கே 100 தான், 500-ஐத் தாண்டினதால ஸ்லாப்பும் (யூனிட் ரேட் படி) மேல போயிரும். அந்தப் பில்லை ஈடுகட்ட ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு எச்சா வாங்கறார், சண்டை அங்கதான் ஆரம்பிக்குது. கரண்ட்டை லாபத்துக்கு விக்க ஓனருக்கு உரிமை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனி சமையக்கட்டு, தனி வயரிங், ஆர்.சி.டி. (கரண்ட்டு கசிஞ்சா தானா நிறுத்தற சுவிட்ச்) இருந்தா பிரிச்சு வாங்கலாம். பிளான் அப்ரூவல்ல ஆறு வீடுன்னு காட்டியிருக்குதான்னு மொதல்ல பாருங்க. அதுல ஒரே வீடுன்னு இருந்தா ஈ.பி.லயும் இழுக்கும், பேங்க்லயும் இழுக்கும்.

பத்திரக்கட்டு
62 லட்சத்துக்குப் பேசறதுக்கு முன்னாடி மூலப்பத்திரம், 30 வருச வில்லங்கச் சான்று, பட்டா, எப்.எம்.பி. (சர்வே அளவு வரைபடம்) வாங்கி வக்கீல் கிட்ட குடுங்க. இதை எல்லாரும் சொல்வாங்க. நம்ம பக்கத்துல விட்டுப்போறது மூணு.

மொதலாவது, பொறந்தவளுக பங்கு. பாட்டன் சொத்தா இருந்து, அண்ணன் தம்பி மட்டும் பாகம் பிரிச்சிருந்தா நிறுத்துங்க. தமிழ்நாட்டுல 1989-லயே பொண்ணுகளுக்குச் சம பங்கு சட்டம் வந்தாச்சு, 2005-ல மத்திய சட்டமும் வந்துது. சீர் செஞ்சு அனுப்பீட்டோம்கறது சட்டத்துல செல்லாது. அவங்க பங்கை விட்டுக்குடுத்துப் பதிவு பண்ணின விடுதலைப் பத்திரம் இருக்கோணும், இல்லைன்னா கிரயத்துல அவங்களும் கையெழுத்துப் போடோணும்.

ரெண்டாவது, போக்கியம், அதாவது மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு வாடகையில்லாமக் குடிவெக்கறது. ஆறு வீட்டுல ஏதாவது ஒண்ணை 3 லட்சத்துக்குப் போக்கியத்துக்கு விட்டிருந்தா, வெத்துத்தாள்ல எழுதினது வில்லங்கத்துல வராது. கிரயம் ஆனதும் அவர் உங்க வாசல்ல நிப்பார். முன்பணம் குடுக்கறதுக்கு முந்தி ஆறு வீட்டுக் கதவையும் தட்டுங்க. வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, யார்கிட்ட குடுத்தீங்கன்னு கேட்டு எழுதி, விக்கறவர் கையெழுத்து வாங்கி, அந்தத் தொகையைக் கிரய வெலையில கழிங்க.

மூணாவது, தடம். பத்திரத்துல "10 அடி பொதுத்தடத்தில் போக வர பாத்தியம்"னு எழுத்துல இருக்கோணும். தண்ணிக் குழாய், சாக்கடை, ஈ.பி. வயர் கொண்டுபோற பாத்தியமும் அதே வரியில இருந்தா உத்தமம்.

வெலை 50 லட்சத்துக்கு மேல போறதால வாங்கறவர் 1 சதம் டி.டி.எஸ். (விக்கறவர் பேர்ல கட்டற வருமான வரிப் பிடித்தம்) புடிச்சுக் கட்டோணும், 62-ன்னா 62,000. விக்கறவரோட பான் ஆதார்ல இணைக்காம இருந்தா அது 20 சதம் ஆயிரும், முன்னாடியே பாத்துக்கங்க. முன்பணம் 20,000 ரூவாயிலிருந்து ரொக்கமா வேண்டாம், பேங்க் வழியாப் போங்க.

கோபி_வாழைத்தோப்பு
ரொம்ப நன்றிங்ண்ணா, எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம். பக்கத்து பனியன் கம்பெனிக்காரர் ஆறு வீட்டையும் மொத்தமா எடுத்து ஆளுகளைத் தங்க வெக்கறேன்னு சொல்றார். குடுக்கலாமுங்களா? அப்புறம் தடம் பத்திரத்துல 10 அடி, நேர்ல பக்கத்து வீட்டுப் படி ஏறி வந்து எட்டடிதான் இருக்குது.

வட்டிக்கணக்கு
மொத்தமாக் குடுத்தா வசூல் சுலபம், ஆனா அவர் ஒரு நாள் காலி பண்ணினா ஆறும் ஒரே நாள்ல காலி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கம்பெனி குடியிருப்பை வாடகைக்கு எடுத்தா 18 சதம் ஜி.எஸ்.டி.யை அவரே ரிவர்ஸ் சார்ஜ்ல (ஓனருக்குப் பதிலா வாடகைக்கு எடுத்தவர் நேரா அரசுக்குக் கட்டறது) கட்டோணும், 2022 ஜூலைல இருந்து அப்படி. அதை வாடகைல கழிக்கப் பாப்பார், விடாதீங்க. வீட்டுக்கு இத்தனை பேர்தான்னு ஒப்பந்தத்துல தலைக்கணக்கு எழுதுங்க. மேஸ்திரி கணக்குப் போட்ட 24 பேர் 40 ஆனா சம்ப்பும் செப்டிக்கும் தாங்காது. தனித்தனியா விட்டாலும் தமிழ்நாட்டு 2017 வாடகைச் சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்துல பதியோணும். வேற மாதிரி எழுதிக்காத வரைக்கும் அட்வான்ஸ் மூணு மாச வாடகைதான்.

பத்திரக்கட்டு
படி விசயத்தை விக்கறவர் தலையிலயே வைங்க. சர்வேயரைக் கூப்பிட்டு எப்.எம்.பி. படி அளந்து கல் நடச் சொல்லுங்க, அளவுக் கூலி அவரோடது. கிரயத்துக்கு முன்னாடி படி எடுபட்டாச் சரி. "வாங்கினப்புறம் பேசி எடுத்துக்கலாம்"னு சொன்னா, எட்டடித் தடம்னு வெச்சு வெலையைப் பேசுங்க. செப்டிக் லாரி உள்ள நுழையுதான்னும் ஒருக்கா அளந்துக்கங்க.