அண்டர்பாடி கோட்டிங்: ‘அடிப்புறப் பூச்சு’ சரியாக வருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் அண்டர்பாடி கோட்டிங்கைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை வந்த சொற்களை ஒவ்வொன்றாக வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். ‘அடிப்பூச்சு’ பலருக்குப் பிடித்திருக்கிறது. சின்னச் சொல், வாயில் எளிதாக வருகிறது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது பிரைமருக்கு வழங்கும் பெயர். சுவரானாலும் இரும்பானாலும் வண்ணம் தீட்டும் முன் பூசும் முதல் பூச்சைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் இதே சிக்கல் உண்டு: அண்டர்கோட் என்றால் வண்ணத்துக்கு அடியில் உள்ளதும் ஆகலாம், வண்டிக்கு அடியில் உள்ளதும் ஆகலாம். அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு? பிரைமர் பூசிய தகட்டின் மேல்தான் இதையும் பூசுகிறோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் செய்முறை எழுதவே முடியாது.

‘அடித்தட்டுப் பூச்சு’ வேண்டாம்; அடித்தட்டு என்றதும் ‘அடித்தட்டு மக்கள்’தான் நினைவுக்கு வருகிறது. ‘அடிச்சட்டகப் பூச்சு’ லாரிக்குப் பொருந்தும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் தனியாகச் சேசிஸ் என்ற அடிச்சட்டகம் கிடையாது, தரைத்தகடும் உடற்கூடும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. அதனால்தான் அந்தத் தகட்டில் துரு ஏறினால் வண்டியின் வலுவே குறைந்துவிடுகிறது.

‘தார்ப்பூச்சு’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை பழைய வண்டி ஒன்றின் அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன். தார் கறுகறுவென்று நன்றாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் லேசாக உப்பல். ஸ்குரூடிரைவர் முனையால் நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு அப்படியே பெயர்ந்து வந்தது, அதன் உட்புறத்தில் துரு ஏடு ஏடாக ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டில் ஊசித்துளைகள். தார் நாளாக ஆக இறுகி, மயிரிழை அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்பில் நுழைந்த நீர் எளிதில் காயாது. நீரில் உப்பும் இருந்துவிட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் தேவை என்பதால் அது பூச்சை வெளியே தள்ளுகிறது. நான் பார்த்த உப்பல் அதுதான்.

இந்தக் குறைக்காகவே மெழுகும் எண்ணெயும் பயன்படுத்துகிறார்கள். அவை இறுகாமல் இளகியே இருக்கும், இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். ஆனால் தண்ணீர் அடித்து அடித்துத் தேய்ந்து போவதால் அவ்வப்போது மறுபடி பூச வேண்டும். ரப்பர் கலந்தது உண்டு, ஆலையிலேயே பூசி வரும் பிவிசி உண்டு. பொருள் இத்தனை விதமாக இருக்கும்போது, சொல்லில் தாரை வைத்தால் மற்றவையெல்லாம் வெளியே நின்றுவிடும். படகுக்குப் பூசும் ‘கீல்’ நல்ல பழஞ்சொல்தான், எனக்கும் அதில் ஆசை உண்டு. இன்றைக்குக் கீல் என்றால் கதவுதானே நினைவுக்கு வருகிறது!

அப்புறம், ‘துருக்காப்பு’. மெய்க்காப்பு, தலைக்காப்பு என்று சொல்லும்போது முன்னால் நிற்பதைத்தானே காக்கிறோம்? அந்தக் கணக்கில் துருவைக் காப்பது என்று பொருள் வந்துவிடும். தீக்காப்பு என்ற சொல் வழக்கில் இருக்கிறதே என்று கேட்கலாம். சரி, ஆனால் வண்டி என்ற பேச்சில் ‘காப்பீடு’ வேறு பக்கத்திலேயே நிற்கிறது. ‘துருத்தடுப்பு’ என்றால் தயக்கத்துக்கே இடமில்லை. துருவெதிர்ப்பு வேறு, அது எவர்சில்வர் போல உலோகத்துக்கே உள்ள குணம். தடுப்பது நாம் செய்யும் வேலை.

ஆகவே என் பரிந்துரை: வேலைக்கு ‘அடிப்புறத் துருத்தடுப்பு’, பூசும் பொருளுக்கு ‘அடிப்புறப் பூச்சு’. நடுவில் வரும் ‘புற’ பிரைமரிலிருந்து அதைப் பிரித்துவிடுகிறது. பூச்சு என்றால் கெட்டியாகப் படிவது மட்டும்தான், எண்ணெய்க்குப் பொருந்தாது என்று ஒரு மறுப்பு வந்திருந்தது. சந்தனம் பூசுகிறோம், ஈயம் பூசுகிறோம், எண்ணெயும் பூசுகிறோம். தமிழில் அந்த வினைக்குள் எல்லாம் அடங்கும். கூடான சட்டங்களுக்குள் குழாய் விட்டுச் செலுத்தும் கேவிட்டி வேக்ஸுக்கு ‘உட்புழை மெழுகு’ என்று சொல்லலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“அடிப்புறத்தைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, பொருக்குத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்த பிறகே அடிப்புறப் பூச்சைப் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். சைலன்சர், பிரேக் வட்டு, அசையும் மூட்டுகள், நீர் வடியும் துளைகள் ஆகியவற்றில் பூச்சு படக்கூடாது.”

எங்கும் தடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். உங்களுக்கு எங்காவது இடறினால் எழுதுங்கள்.

இன்னொன்று. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் கூடான சட்டத்துக்கு, அந்த ‘சில்’லுக்கு, இன்னும் சொல் அமையவில்லை. ஏறி இறங்கும்போது காலுக்கு அருகே வாசற்படிபோல இருப்பதால் ‘படிச்சட்டம்’ என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன். உட்புழை மெழுகு முதலில் போக வேண்டிய இடமே அதுதான், அதனால் அதற்கும் ஒரு நல்ல பெயர் வேண்டும்.